பேசாப் படமும் பேசாத அவையும்

அழிந்துபோன கலைப்படைப்பைத் திறனாய இயலுமா? பிரதியே எஞ்சாத படத்தின் நடிப்பையும் ஒளிப்பதிவையும் புகழ்வது திறனாய்வு ஆகாது. எனினும், கலைஞன் எக்கதையைத் தேர்ந்தான், எவ்வடிவில் தந்தான் என்னும் வினாக்கள் அழிவதில்லை. தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமான ‘கீசக வதம்’ அவ்வாறு ஆராயத்தக்கது.

சென்னையில் மோட்டார் உதிரிப் பாகங்கள் விற்றுவந்த ஆர். நடராச முதலியார், புரசைவாக்கத்தில் நிலையம் அமைத்து இப்படத்தை எடுத்தார். இது வெளிவந்த ஆண்டை 1916 என்பாரும் 1918 என்பாரும் உளர். ராஜு முதலியார் கீசகனாகவும் ஜீவரத்தினம் திரௌபதியாகவும் நடித்தனர். பின்னாளில் மகனை இழந்ததும் நிலையம் தீக்கிரையானதும் முதலியாரைத் திரைத்துறையினின்று விலக்கின.

கதையை நோக்குவோம். திரௌபதி தன் பெயரைச் சொல்லக்கூடாது. கணவர் ஐவரும் தம்மை வெளிப்படுத்தக்கூடாது. கீசகன் அவளை அவையில் உதைத்தபோது விராட மன்னனும் அவளுக்காக வாய்திறக்கவில்லை. மௌனமே இக்கதையின் உயிர்நிலை. கூத்தில் திரௌபதி பாடிப் புலம்பலாம்; மௌனப்படத்தில் அவளுக்கு முகமும் கையுமே மொழி. ஆகவே, குரலற்ற கலைக்கு இதனினும் பொருத்தமான கதை வாய்ப்பது அரிது.

இக்கதையின் கூர்மையை ஆட்சியாளரும் உணர்ந்திருந்தனர். மராத்தியில் காடில்கர் இயற்றிய ‘கீசக வத்’ நாடகம் 1907-இல் அரங்கேறியது. மக்கள் அதில் கீசகனைக் கர்சன் பிரபுவாகவே கண்டனர். 1910-இல் ஆங்கில அரசு அதனைத் தடைசெய்தது.

ஆயினும், படத்தின் பெயர் வதத்தையே முன்னிறுத்துகிறது. ஒருவன் மாண்டால் தீமை தீர்ந்ததா? கதிரவனை வேண்டிய திரௌபதியின் நம்பிக்கை பொய்க்கவில்லை. வீமனின் கை அவள் மானத்தை மீட்டது. ஆனால் அவை மீளவில்லை. கீசகன் இறந்தபின் வியாசரின் விராடன் நீதி வழங்கவில்லை. அஞ்சி, அவளையே வெளியேறச் சொல்கிறான். அதிகாரத்தின் சீர்கேடு கீசகனிடம் மட்டும் இல்லை. பார்த்திருந்த அவையிலும் உண்டு. வதத்தோடு கதையை முடித்துக்கொள்வோர் இவ்வுண்மையை இழப்பர்.

தஞ்சோங் மாலிமில் 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தோன்றி, இன்று சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக விளங்கும் நிலையத்தில் தமிழும் பயிலப்படுகிறது. அங்குள்ள மாணவர் வில்லிபுத்தூராரின் கீசகன் வதைச் சருக்கத்தைக் கற்கும்போது, தோட்டப்புறங்களில் பாரதக் கூத்துக் கண்ட முதியோரின் நினைவுகளையும் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். படச்சுருளைக் காக்கத் தவறினோம். அவர்தம் நினைவையேனும் காப்போம். அவையில் வாய்மூடி இருந்த பிழை நம்மைச் சாராதிருக்கட்டும்.