நுரையும் நம் பாட விளக்கமும்

பொங்கலுக்கு முன் வில்லியனூர், பாகூர் பக்கத்துச் சிற்றூர்களில் வீட்டுச் சுவர்களுக்குப் புது வண்ணம் பூசுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முன்பு சுண்ணாம்பைக் கரைத்து வெள்ளையடிப்பார்கள். இன்று பல வீடுகளில் நீர் கலந்து பூசும் எமல்ஷன் பெயிண்ட் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பெயிண்டில் தண்ணீர் ஊற்றிக் குச்சியால் வேகமாகக் கலக்கினால் நுரை எழுகிறது. ரோலரால் சுவரில் உருட்டும்போதும் சிறு குமிழிகள் தோன்றுகின்றன. பூச்சு ஈரமாக இருக்கும்போதே அவை உடைந்து மூடிக்கொண்டால் தொல்லையில்லை. பூச்சு இறுகும் வேளையில் உடைந்தால், ஊசி குத்தியது போன்ற துளைகள் நின்றுவிடும். அவற்றின் வழியே ஈரம் இறங்கும். பூச்சின் ஆயுள் குறையும். கடன் வாங்கி வீடு கட்டியவருக்கு இது சிறிய இழப்பன்று.

இதைத் தடுக்கவே, பெயிண்டைத் தயாரிக்கும்போதே நுரையடக்கி என்னும் பொருளை அதில் சேர்க்கிறார்கள். நூறு கிலோ பெயிண்டுக்குப் பெரும்பாலும் அரைக் கிலோவோ அதற்கும் குறைவோ போதும். இவ்வளவு சிறிய அளவு எப்படி நுரையை அடக்குகிறது? பள்ளியில் படித்ததைக் கொண்டு இதற்கு விடை சொல்ல முயலுங்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

“சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைக்கிறது, ஆகவே நுரை உண்டாகிறது.” இதுவே நாம் வழக்கமாகப் படிக்கும் விளக்கம். தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். இது பொய்யன்று, ஆனால் பாதி உண்மையே.

கணக்கைப் பாருங்கள். அறை வெப்பநிலையில் நீரின் பரப்பு இழுவிசை சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 72 டைன். சோப்பு நீரில் அது 30 டைன் அளவுக்கு இறங்குகிறது. நுரையடக்கியாகப் பயன்படும் சிலிக்கோன் எண்ணெய்க்கோ 21 டைன்தான். பாட விளக்கம் முழு உண்மையானால் சிலிக்கோன் எண்ணெய் சோப்பைவிட அதிகமாக நுரையை வளர்க்க வேண்டும். ஆனால் அது நுரையை அழிக்கிறது! வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். தேங்காய் எண்ணெயின் பரப்பு இழுவிசை நீரினுடையதில் ஏறத்தாழ பாதிதான். உருகிய எண்ணெயைப் பாதிப் புட்டியில் ஊற்றிக் குலுக்குங்கள். குமிழிகள் தோன்றும், தோன்றியவுடன் மறையும். சோப்பு நுரைபோல் நிற்பதில்லை.

பரப்பு இழுவிசை குறைந்தால் குமிழி உண்டாவது எளிதாகிறது என்பது சரியே. ஆனால் உண்டான குமிழி நிலைப்பதற்குக் காரணம் வேறு. பரப்பு இழுவிசையில் ஏற்படும் வேறுபாடு நீர்மத்தை இழுத்துச் செல்லும் என்பதை இத்தாலிய அறிஞர் மரங்கோனி 1865-இல் ஆராய்ந்தார். மெல்லிய படலத்துக்கு மீள்தன்மை உண்டு என்பதைப் பின்னர் அமெரிக்க அறிஞர் கிப்ஸ் விளக்கினார். குமிழியின் சுவரில் ஓரிடம் இழுபட்டு மெலிந்தால், அங்கே சோப்பு மூலக்கூறுகள் கலைந்து விலகுகின்றன. உடனே அந்த இடத்தில் மட்டும் பரப்பு இழுவிசை கூடுகிறது. கூடிய இழுவிசை சுற்றியுள்ள நீரைத் தன்பால் இழுத்து மெலிந்த இடத்தைச் சரிசெய்கிறது. அதாவது, படலம் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்கிறது. தேங்காய் எண்ணெயில் எங்கு இழுத்தாலும் இழுவிசை மாறுவதில்லை. ஆகவே காயம் ஆறுவதில்லை. ஆக, நுரையை நிலைக்கச் செய்வது இழுவிசையின் குறைவு மட்டுமன்று, அதன் வேறுபாடும் ஆகும். நம் பாடத்தில் விடுபட்டது இந்த ஒரு வரிதான்.

இந்த வரி கிடைத்ததும் பெயிண்டின் கதை புரிந்துவிடுகிறது. நிறப்பொடி அடியில் கட்டிப்படாமலும் பிசின் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் இருக்க, சோப்பை ஒத்த பொருள்கள் பெயிண்டில் இருந்தே தீர வேண்டும். அவை இருந்தால் நுரையும் வரும். நுரையடக்கி, பெயிண்டில் கரையாமல் நுண்துளிகளாகப் பரவி நிற்கிறது. ஒரு துளி குமிழியின் படலத்துக்குள் புகுந்து, அதன்மேல் விரைந்து பரவி, அடியிலுள்ள நீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. காயத்தை ஆற்ற நீர் வந்துசேருமுன் படலம் அறுந்துவிடுகிறது. துளி எளிதில் உள்ளே நுழைய, நீர் ஒட்டாத சிலிக்காத் தூளையும் எண்ணெயோடு சேர்ப்பதுண்டு.

இது ஏதோ அயல்நாட்டு ஆய்வுக்கூடத்து அதிசயமா? கரும்புச்சாறு காய்ச்சும் கொட்டகைக்குப் போய்ப் பாருங்கள். நுரை பொங்கிக் கொப்பரையின் விளிம்பைத் தொடும்போது, வெல்லம் காய்ச்சுபவர் சில துளி எண்ணெய் விடுகிறார். பொங்கியது அடங்குகிறது. கொள்கை ஒன்றே. சோப்பை ஒத்த பொருள் மிகுந்த பெயிண்டில் சமையல் எண்ணெய் நுழைந்து பரவுவது கடினம். அங்கே இன்னும் குறைந்த இழுவிசையுள்ள எண்ணெய் தேவைப்படுகிறது. அவ்வளவே வேறுபாடு. பாகூரில் கரும்பு வயலைத் தாண்டிப் பள்ளிக்குப் போகும் மாணவனுக்கு இது பாடத்தில் கிடைக்கவில்லையென்றால், அறிவியல் தன் ஊரில் இல்லை என்றுதான் அவன் எண்ணுவான்.

பாடநூலை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. எல்லாவற்றையும் விளக்கப் பாடநூலில் இடமில்லை. ஆனால் அந்தக் குறையை நிரப்ப வேண்டிய நம்மைப் போன்ற அறிவியல் இதழ்கள் என்ன செய்கின்றன? “நுரையைத் தடுக்கச் சில வேதிப்பொருள்கள் சேர்க்கப்படுகின்றன” என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ‘எப்படி’ என்ற கேள்விக்கு ஒரு பொருளின் பெயர் விடையாகாது.

அரைகுறை விளக்கத்தால் கைப்பொருளும் நட்டமாகும். ‘நுரையடக்கி நல்லதென்றால் அதிகம் சேர்த்தால் மேலும் நல்லதுதானே’ என்று தோன்றும். அளவு மீறினால் அதே எண்ணெய்த் துளிகள் ஈரப் பூச்சின் மேல் பரவிப் பெயிண்டை விலக்கித் தள்ளும். சுவரில் வட்ட வட்டமாகப் பள்ளங்கள் விழும். இவற்றை மீன்கண் என்பார்கள். படலத்தை அறுக்கும் அதே குணம் பூச்சையும் அறுக்கிறது. செயல்முறை தெரிந்தவர், பெயிண்டை நிதானமாகக் கலக்கி, சற்று நேரம் வைத்திருந்து, ரோலரை மெதுவாக உருட்டுவார். தாமாக எதையும் சேர்க்கமாட்டார்.

அடுத்த முறை பரப்பு இழுவிசைப் பாடம் நடக்கும்போது, தேங்காய் எண்ணெய்ப் புட்டியை வகுப்புக்கு எடுத்துச் செல்லுங்கள். “ஐயா, இதற்கும் பரப்பு இழுவிசை குறைவுதானே, ஏன் நுரைக்கவில்லை?” என்று கேளுங்கள். நல்லாசிரியர் அந்தக் கேள்வியை மகிழ்ந்து வரவேற்பார்.