ஒரே கேபிள், இரண்டு கோடு

செமிலிங்கில் எங்கள் தோட்டத்து வீட்டிலிருந்து அலோர் ஸ்டாருக்கு ஹாம் ரேடியோவில் 144 மெகாஹெர்ட்ஸில் பேச முடியாது; 1,217 மீட்டர் ஜெராய் மலை குறுக்கே நிற்கிறது. அதனால் மூங்கில் கம்பம் நட்டு 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல் ஆண்டெனா கட்டினேன். பேச்சு மலையைத் தாண்டியது. கூடவே மைக் உதட்டில் பட்டால் சுருக்கென்று கடித்தது. பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, நீ பேசுனா எங்க டிவி கரகரங்குது" என்றார்.

ஈசிநெக் மென்பொருளில் ஆண்டெனாவை வரைந்து பார்த்தேன். ராய் லெவாலன் எழுதியது. முன்பு விலைக்கு விற்றார், ஓய்வு பெற்றதும் 2022இல் இலவசமாக்கிவிட்டார். விண்டோஸில் ஓடும். உள்ளே இருப்பது லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தின் நெக்-2 கணக்கு.

அதில் டிரான்ஸ்மிஷன் லைன் அட்டவணை ஒன்று உண்டு. 50 ஓம், வேகக் காரணி 0.66, நீளம் 20 மீட்டர் என்று, ரேடியோவிலிருந்து ஆண்டெனாவுக்குப் போகும் என் ஆர்ஜி-58 கேபிளை நிரப்பினேன். எஸ்டபிள்யூஆர் வரைபடம் கண்ணுக்கு லட்சணமாக வந்தது. கோளாறே இல்லையாம்! அட்டவணைக் கேபிள் வெறும் கணக்கு. அதன் இரு கடத்திகளின் மின்னோட்டமும் எப்போதும் சமம், எதிர். அது அலை வீசாது.

நிஜக் கேபிள் அப்படியில்லை. 7 மெகாஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் 0.025 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இறங்கும். எனவே பின்னல் உறையின் உட்புறமும் வெளிப்புறமும் தனித்தனிக் கம்பிகள் மாதிரி. உட்புறம் நடுக்கம்பியோடு ஜோடி சேர்ந்து ஓடும். வெளிப்புறமோ டைபோலில் தொங்கும் மூன்றாவது கை.

ஆகவே கேபிளை இரண்டு தடவை வரைய வேண்டும். உட்புறத்துக்கு அட்டவணை; வெளிப்புறத்துக்கு, கேபிள் டைபோலைச் சேரும் ஊட்டுமுனை செக்மெண்டின் ஒரு ஓரத்திலிருந்து தரை வரை 3.5 மில்லிமீட்டர் தடிமனில் சாதாரணக் கம்பி. வேடிக்கை என்னவென்றால், இரண்டுக்கும் நீளம் வேறு. உள்ளே அலை மெதுவாகப் போவதால் 20 மீட்டர் கேபிள் 30 மீட்டராகிறது. வெளியே ஏறக்குறைய காற்றில் அலை போகும் வேகம், 20 மீட்டர் 20 மீட்டர்தான். 7.1 மெகாஹெர்ட்ஸில் அரை அலை 21 மீட்டர். கீழே நான் அடித்திருந்த எர்த் கம்பியின் தாழ்ந்த மின்தடை, அரை அலை தள்ளி, மேலே ஊட்டுமுனையில் அப்படியே தெரியும். மின்னோட்டம் அந்த வழியில் இறங்காமல் என்ன செய்யும்? மறுபடி ஓட்டியதும் கேபிள் நெடுக மின்னோட்டக் கோடு புடைத்து நின்றது. அக்கா வீட்டு டிவி கேட்டது இதைத்தான்.

கேபிளைப் பாதியாக்கினால் திரையில் கோடு ஒடுங்குகிறது. ஆனால் கம்பத்துக்கும் வீட்டுக்கும் உள்ள தூரத்தை நான் எங்கே போய்ப் பாதியாக்க? வெளிக்கம்பியின் உச்சியில் 3,000 ஓம் லோடு வைத்துப் பார்த்தேன். கோடு கிட்டத்தட்ட மறைந்தது. அதையே 31ஆம் ரக ஃபெரைட் வளையத்தில் கேபிளைச் சுற்றிச் செய்தேன். மைக் கடிப்பது நின்றது. கரகரப்பு குறைந்தது, முழுதாகப் போகவில்லை.

குறைகள் உண்டு. வெளிக்கம்பியை வரையாமல் விட்டால் மென்பொருள் ஒரு வார்த்தை எச்சரிக்காது. நெக்-2 மண்ணுக்குள் கம்பி புதைக்க விடாது, அதனால் எர்த் கணக்கு உத்தேசம்தான். 4நெக்2 என்ற மென்பொருளும் இலவசமே; ஆனால் அதன் டிரான்ஸ்மிஷன் லைனுக்கு இழப்பே கிடையாது. 7 மெகாஹெர்ட்ஸில் பரவாயில்லை. 144இல் 20 மீட்டர் ஆர்ஜி-58 பாதிக்கு மேல் சக்தியைத் தின்றுவிடும். இழப்பையும் எழுத இடம் தருவதால் என் கணினியில் ஈசிநெக்தான் இருக்கிறது.