சரணமும் பிரமாணமும்

ஜொகூர் பாருவில் 1922-ஆம் ஆண்டு முதல் விளங்கிவரும் ராஜகாளியம்மன் ஆலயத்தை, இன்று நாடெங்கும் கண்ணாடிக் கோயில் என்றே அறிவர். அம்பாளைத் தரிசித்து மண்டபத்தைச் சுற்றி வருவோர், அங்கே வெண்பளிங்கில் வைக்கப்பெற்றிருக்கும் புத்தர், இயேசு, அன்னை தெரேசா முதலிய திருவுருவங்களின் முன்னும் சற்று நின்று செல்வதுண்டு. அவ்விடத்தில் நம்மவருள் ஒருவர், "புத்தர் பெரிய மகான்தான், ஆனால் அவர் சொன்னது தத்துவமே தவிர மதமன்று" என்று தம் பிள்ளைக்குச் சொல்வாராயின், அதை மறுக்கத் துணிவாரும் அரியர். அதே ஊரில், அவருடைய அண்டை வீட்டுச் சீனரோ வெசாக் நாளன்று விளக்கேற்றி, மலர் சாத்தி, குழந்தைப் புத்தருக்கு நீராட்டி, பிக்ஷுக்களுக்குத் தானமளித்து வருகிறார். தாம் செய்தது தத்துவ விசாரம் என்று அவரிடம் எவரேனும் சொன்னால் அவர் திகைத்துப் போவார்.

பௌத்தம் சமயமா, தத்துவமா என்னும் வினா இந்நாட்டில் வெறும் ஏட்டுச் சர்ச்சையன்று. 1970-ஆம் ஆண்டில் பிரகடனம் செய்யப்பெற்ற ருக்குன் நெகாராவின் முதற் கோட்பாடு இறைவன் மீது நம்பிக்கை வைத்தல் என்பதாகும். பள்ளிச் சபைக்கூடலில் பௌத்தக் குடும்பத்துப் பிள்ளைகளும் அதனை மற்றவரோடு சேர்ந்தே ஓதுகின்றனர். உலகைப் படைத்த கடவுள் ஒருவரைத் தன் போதனைக்கு அடித்தளமாகக் கொள்ளாத நெறி சமயமாகுமா என்று தருக்கம் பேசுவோர் பேசட்டும். மலேசிய வாழ்வு அதனைச் சமயங்களின் வரிசையில் வைத்தே பழகிவிட்டது.

தமிழர் பௌத்தத்தைத் தத்துவமாகக் காண நேர்ந்ததற்குக் காரணம் தேடினால், அது பெரும்பாலும் எதிர்வாதிகளின் வாயிலாகவே நமக்கு வந்து சேர்ந்தது என்பது புலனாகும். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் சௌத்திராந்திகர், யோகாசாரர், மாத்தியமிகர், வைபாடிகர் என்னும் நால்வகைப் பௌத்தரையும் நிறுத்தி மறுக்கிறார். புறப்பொருள் நேரே காணப்படும் என்பார் வைபாடிகர். அது அனுமானத்தாலேயே அறியப்படும் என்பார் சௌத்திராந்திகர். அறிவே உளது, புறம் என ஒன்றில்லை என்பார் யோகாசாரர். எதற்கும் சுயமான இயல்பில்லை, எல்லாம் சூனியம் என்பார் மாத்தியமிகர். மறுப்பதற்கு வேண்டியது கொள்கையே. விகாரையில் விளக்கேற்றியவன் எப்படி வாழ்ந்தான், யாருக்குச் சோறிட்டான் என்பது மறுப்பு நூலுக்கு வேண்டாத செய்தி. ஆகவே, நம் சித்தாந்த வகுப்புகளில் பயின்றவர்களுக்குப் பௌத்தம் என்றால் நான்கு வாதங்கள் என்ற அளவிலேயே நினைவு நின்றுவிட்டது.

பௌத்தர் தம் வாயால் தமிழில் சொன்னதைக் கேட்க வேண்டுமானால் மணிமேகலையிடம் செல்ல வேண்டும். சாத்தனார் தம் காப்பியத்தின் முப்பது காதைகளையும் அடுக்கியிருக்கும் முறையே இவ்வினாவுக்கு விடை போல எனக்குத் தோன்றுவதுண்டு. முதலில் தலைவி மணிமேகலையின் கையில் அமுதசுரபி, பசித்தவர்க்குச் சோறு, சிறைச்சாலை அறக்கோட்டம் ஆகிறது. அதன்பின் வஞ்சி மாநகரில், மாதவ வேடம் பூண்டு, அளவைவாதி முதல் பூதவாதி ஈறாகச் சமயவாதிகள் பலரையும் அவள் கேட்டறிகிறாள். பிறகே காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்குத் தருக்கம் கற்பிக்கிறார்: பிரமாணம் இரண்டு, காட்சியும் கருத்தும், மலையில் புகையைக் கண்டு நெருப்பைத் துணிவதற்கு அடுக்களை எடுத்துக்காட்டு, பக்கப்போலி எது, ஏதுப்போலி எது, திட்டாந்தப்போலி எது என்று, காப்பியச் சுவையை நாடி வந்தவன் புத்தகத்தை மூடிவிடும் அளவுக்கு நுணுக்கமாக அக்காதை நடக்கிறது. இலக்கிய ரசிகர் சிலர் இதைக் குறையாகச் சொல்வர். எனக்கோ அது சாத்தனாரின் நேர்மையாகப் படுகிறது; வாதத்தின் போலிகளை அறியாதவளைச் சரணம் புகச் செய்ய அவர் விரும்பவில்லை. இருபத்தொன்பதாம் காதையில் தருக்கம் முடிந்த பின்னரே, முப்பதாம் காதையில் புத்த தன்ம சங்கம் என்னும் மும்மணியை அவள் வணங்குகிறாள். பன்னிரு நிதானங்களைக் கேட்கிறாள். பவத்திறம் அறுக என நோன்பு பூணுகிறாள்.

தருக்கத்தோடு நின்றிருந்தால் அது தத்துவம். சரணத்தோடு மட்டும் தொடங்கியிருந்தால் அது வெறும் பக்தி. தத்துவம் மட்டுமே என்று சொல்வோர், அறிந்தோ அறியாமலோ, அந்நெறி நம்மிடம் கேட்கும் ஒழுக்கத்திலிருந்து மரியாதையாக விலகிக்கொள்கின்றனர் என்றே நான் கருதுகிறேன். புகழ்ந்து ஒதுக்குதல் நம்மவர்க்குக் கைவந்த கலை.

நம் தீபகற்பத்தோடு தொடர்புடைய சான்று ஒன்றும் உண்டு. கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட மாற விஜயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுப்பிய விகாரைக்கு, சிவபாதசேகரன் என்று பெயர் பூண்ட இராஜராஜன் தன் இருபத்தோராம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக வழங்கினான். பிடி யானையை நடத்தி எல்லை வகுத்ததையும், ஊரினின்று வர வேண்டிய நெல்லையும் கலம், தூணி, குறுணி என்று கணக்கிட்டு அக்கொடையைப் பதிந்த செப்பேடுகள் பொறித்துள்ளன. தத்துவத்துக்கு எவரும் ஊர் எழுதி வைப்பதில்லை. பூசைக்கும், பிக்ஷுக்களின் உணவுக்கும், இடிந்த சுவரைப் புதுக்குவதற்குமே நெல் வேண்டும். அவை உள்ள இடத்தில் சமயம் இருக்கிறது.

பௌத்தத்தைச் சமயமாகவும் தத்துவமாகவும் காணும் இவ்விரு நோக்கும் ஒரே நகரில், ஒரே காலத்தில் எதிரெதிரே நின்றதைச் சென்னையில் காணலாம். 1898-இல் இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாசப் பண்டிதர், 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைத் தொடங்கி, தமிழர் பண்டிகைகளையும் வழக்கங்களையும் பௌத்தத்தின் எச்சங்களாக எடுத்துக் காட்டினார். எள்ளிலிருந்து எண்ணெய் கண்ட நாளே தீபாவளி என்பது அவர் கூற்று. அதனை இன்றைய சரித்திராசிரியர் ஏற்கத் தயங்குவர். ஆனால் பண்டிகையும் சடங்கும் முன்னோர் கதையும் இல்லாத நெறி தாழ்த்தப்பட்ட மக்களுக்கு வீடாக அமையாது என்பதை அவர் அறிந்திருந்தார். அதே 1907-இல் பௌத்தத்தின் சாரத்தை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட விஞ்ஞானப் பேராசிரியர் இலட்சுமிநரசுவோ, பகுத்தறிவுக்கு ஒவ்வாதது எதுவும் புத்தர் போதனையாகாது என்ற அளவுகோலைக் கையில் பிடித்திருந்தார். ஒருவர் மக்களைத் திரட்டினார். மற்றவர் நூலைத் தந்தார்.

அந்நூலுக்கு 1948-இல் முன்னுரை எழுதி மீண்டும் வெளிவரச் செய்தவர் டாக்டர் அம்பேத்கர். சமயம் வேறு, தம்மம் வேறு என்று பின்னர்த் தம் நூலில் பிரித்துக் காட்டிய அவர்தாம், 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில், முதிய பிக்ஷு சந்திரமணியின் முன் மனைவியாருடன் நின்று, திரிசரணமும் பஞ்சசீலமும் ஏற்றுக்கொண்டார். பிறகு திரும்பி, அங்கே கூடியிருந்த இலட்சக்கணக்கான மக்களுக்கு அவற்றைத் தாமே ஓதுவித்தார்.