கட்டத்துக்குள் அடங்காத கடல்

இத்தாலியிலும் கிரேக்கத்திலும் பத்துப் பதினைந்து நாள் காரில் சுற்றக் கிளம்புகிறவர்கள் போட்டுவைக்கும் எக்செல் அட்டவணைகளுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. ஊர், கிலோமீட்டர், விடுதி, மதியம் எங்கே சாப்பாடு என்பதுவரை நுணுக்கமாக எழுதியிருப்பார்கள். கப்பல் வரும் கட்டத்தில் மட்டும் இரண்டே நேரங்கள்: புறப்பாடு, வருகை. பல மாதங்களுக்கு முன்பே எல்லாக் கப்பல்களுக்கும் டிக்கெட் வாங்கிவிட்டு, அந்த நேரங்களுக்கு இடையில் மற்ற எல்லாவற்றையும் அடுக்குவதே இன்று வேரூன்றிவிட்ட முறை. கடலைக் கடக்கும் நீண்ட வழிகளுக்கு அது பொருந்துகிறது. அதையே எல்லா நீருக்கும் பொதுவிதியாக்கும்போது கெடுகிறது.

பொருந்தும் இடத்துக்கு அட்ரியாட்டிக் கடல் நல்ல சான்று. இத்தாலியின் அங்கோனாவில் பிற்பகலில் காரோடு ஏறினால் மறுநாள் காலை கிரேக்கத்தின் இகுமெனிட்சாவில் இறங்கலாம். கப்பலை விட்டுத் தரைவழியே போவதானால் வடக்கே திரியெஸ்தேவரை ஏறி, குரோவேஷியா, மொண்டெனெக்ரோ, அல்பேனியா வழியாக 1,500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். 1990களில் யூகோஸ்லாவியப் போர்கள் பால்கன் தரைவழியைக் கெடுத்தபோது கிரேக்கத்துக்குப் போகும் லாரிகள் பெருமளவில் இந்தக் கப்பல்களுக்கு மாறின. இன்றும் வாகனத் தளத்தில் லாரிகளின் ஆட்சிதான்.

முன்பதிவுக்கான நியாயம் அந்தத் தளத்தில் இருக்கிறது. ஆளுக்கு எப்படியாவது ஓர் இருக்கை கிடைத்துவிடும். காருக்கு இடம் கிடைப்பதுதான் பாடு. வண்டியின் நீளமும் உயரமும் கட்டணத்தை மாற்றும். கூரையில் பெட்டி கட்டியதை மறந்து பதிவுசெய்தவருக்குத் துறைமுகத்தில் கூடுதல் பணம் காத்திருக்கும். ஆகஸ்ட் 15 இரு நாடுகளிலும் பெருவிடுமுறை. அதையொட்டிய வாரங்களில் டிக்கெட் இல்லாமல் துறைமுகத்துக்குப் போவதைத் துணிச்சல் என்று சொல்ல மாட்டேன். இரவுக் கப்பலில் கேபின் எடுத்தால் ஒரு விடுதி வாடகையும் ஒன்றிரண்டு நாள் ஓட்டமும் மிச்சம் என்ற கணக்கும் சரிதான்.

ஆனால் அந்தக் கணக்கு மறுநாள் காலையோடு நின்றுவிடுகிறது. காலை இகுமெனிட்சா, மதியம் மெட்டியோரா, இரவு டெல்ஃபி என்று எழுதும் திட்டங்கள் ஏராளம். வரைபடத்தில் அது முடியும். இகுமெனிட்சாவிலிருந்து கிழக்கே போகும் எக்னாத்தியா நெடுஞ்சாலை, பிந்துஸ் மலையைக் குடைந்து சுரங்கம் சுரங்கமாகப் போகும் அருமையான சாலை. ஆனால் இயந்திரங்களின் அதிர்வில் அரைத்தூக்கம் தூங்கிய ஓட்டுநர், முன்னே நிற்கும் லாரிகள் இறங்கும்வரை புகைக்குள் காத்திருந்து, இத்தாலியைவிட ஒரு மணி நேரம் முந்திய கடிகாரத்தோடு வெளியே வருகிறார். மெட்டியோராவில் ஒவ்வொரு மடாலயத்துக்கும் வெவ்வேறு விடுமுறை நாள். கதவை அடைக்கும் நேரமும் வேறு. கப்பலில் கழிந்த இரவை ஓய்வு என்று எண்ணுவது இம்முறையின் முதல் பிழை. அது வேலை நேரம்தான். ஸ்டீயரிங் கையில் இல்லை, அவ்வளவே.

இரண்டாவது பிழை, எல்லாக் கப்பலையும் ஒரே இனமாகப் பார்ப்பது. இத்தாலியின் வில்லா சான் ஜொவான்னியிலிருந்து சிசிலியின் மெசினாவுக்கு இருபது நிமிடம். இரவும் பகலும் ஃபெர்ரி ஓடிக்கொண்டே இருக்கும். இகுமெனிட்சாவிலிருந்து கோர்ஃபுவுக்கு நாள் முழுக்க வரிசையாகப் போகும். கொரிந்து வளைகுடாவின் வாயில் 2004-இல் 2,880 மீட்டர் நீளமுள்ள ரியோ–அந்திரியோ பாலம் திறந்த பிறகும், பாலத்துச் சுங்கத்தைவிடக் குறைந்த கட்டணத்துக்குப் பழைய ஃபெர்ரி அதன் காலடியிலேயே ஓடுகிறது. இவையெல்லாம் டவுன் பஸ் மாதிரி. ஒன்று போனால் அடுத்தது. இவற்றுக்கும் நேரம் குறித்து, அந்த நேரத்தைப் பிடிக்க வழியில் நல்ல ஊர்களைத் தவிர்த்து விரட்டுவதில் எந்த லாபமும் இல்லை.

மிகப் பெரிய சேதம் ஈஜியன் தீவுகளில் நடக்கிறது. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸ், நக்சோஸ், சாந்தோரினி, கிரீட், மறுபடி பிரேயஸ் என்று காரோடு ஒரு வட்டம். நான்கு கப்பல், நான்கு டிக்கெட், பார்க்க ஒரே பயணம். ஜூலை, ஆகஸ்டில் அங்கே வடக்கிலிருந்து மெல்டெமி என்ற காற்று வீசும். வானம் நீலமாகத்தான் இருக்கும், வெயில் அடிக்கும், கப்பல் மட்டும் புறப்படாது. காற்று பொஃபோர்ட் அளவில் வரம்பைத் தாண்டியதும் துறைமுக அதிகாரிகள் தடை போடுவார்கள். அதிவேகக் கட்டமரான்கள் பெரிய கப்பல்களுக்கு முன்பே நின்றுவிடும். அவசரத்துக்காக அதிகம் கொடுத்தவர்தான் முதலில் மாட்டிக்கொள்வார்.

சட்டம் காக்கும் என்ற நம்பிக்கையும் அரைகுறையானது. கடற்பயணிகளின் உரிமைக்காக ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் கொண்டுவந்த 1177-ஆம் எண் ஒழுங்குவிதிப்படி, புறப்பாடு ரத்தானாலோ 90 நிமிடத்துக்கு மேல் தாமதித்தாலோ மாற்றுப் பயணத்தையோ முழுப் பணத்தையோ கேட்கலாம். ஆனால் வானிலைதான் காரணம் என்றால் இழப்பீடு கிடையாது. தங்குமிடம் தரும் கடமையும் நிறுவனத்துக்கு இல்லை. தனித்தனியாக வாங்கிய நான்கு டிக்கெட்டுகள் நான்கு ஒப்பந்தங்கள். நக்சோஸ் கப்பல் நின்றதால் வேறொரு நிறுவனத்தின் சாந்தோரினி கப்பலைத் தவறவிட்டால் அது உங்கள் பாடு, சாந்தோரினி விடுதியும் உங்கள் பாடு. அட்டவணை எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ அவ்வளவு தூரம் சரிவும் பரவும்.

அதனால் கார் பயணத்தில் தீவே கூடாது என்பதில்லை. சிசிலி, சார்டினியா, கிரீட் போன்ற பெரிய தீவுகளில் ஒரு வாரம் ஓட்டினாலும் சாலை தீராது. காரை ஏற்றிச் செல்வதற்கு அர்த்தம் உண்டு. சாந்தோரினியின் ஒடுங்கிய தெருக்களுக்குள் கொண்டுபோக என்ன அவசியம்? பிரேயஸில் நிறுத்திவிட்டு ஆளாகப் போவது மேல். ஆளுக்கான டிக்கெட்டை மாற்றுவது பெரும்பாலும் எளிது.

ஆவணங்களின் விஷயத்தை இந்த அட்டவணைகள் பெரும்பாலும் தொடுவதே இல்லை. பல வாடகைக் கார் ஒப்பந்தங்கள் எழுத்துபூர்வ அனுமதியின்றிக் காரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்கின்றன. மீறினால் காப்பீடு செல்லாமல் போகலாம். இந்தியக் கடவுச்சீட்டில் போகிறவர்களுக்கு இன்னொரு கண்ணி. இத்தாலியின் பாரியிலிருந்து அல்பேனியாவின் துர்ரெசுக்குக் கப்பலேறி, அங்கிருந்து கிரேக்கத்துக்கு ஓட்டுவது கவர்ச்சியான வழிதான். ரோமானியர்களே அப்பியா சாலையைப் பிரிண்டிசியில் முடித்து, கடலுக்கு அப்பால் துர்ரெசில் எக்னாத்தியா சாலையைத் தொடங்கினார்கள். ஆனால் அல்பேனியா ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஒருமுறை நுழைவு விசா வைத்திருப்பவருக்கு இத்தாலியை விட்டதும் கிரேக்கத்தின் கதவு மூடிவிடும்.

நாட்களை அடுக்கும் வரிசையிலும் ஒரு பழக்கதோஷம் தெரிகிறது. தீவைப் பயணத்தின் உச்சமாகக் கருதிக் கடைசியில் வைக்கிறார்கள். முதல்நாள் மாலை கப்பல் பிரேயஸில் விட, மறுநாள் காலை ஏதென்ஸில் விமானம். காற்று ஒருநாள் பிடித்துவைத்தால் விமானம் போய்விடும். அதே தீவை முதல் வாரத்தில் வைத்தால், இழந்த நாளைப் பெலொப்பொனேசுத் தீபகற்பத்தில் ஓர் ஊரைக் குறைத்து ஈடுகட்டிவிடலாம். கடைசி இரவு அங்குள்ள நாஃப்லியோவில் தங்கினால் ஏதென்ஸ் விமான நிலையம் காரில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம், இடையில் கடல் இல்லை.