ராமனின் 45 மாறிலிகள்

மல்லாங்கிணறு பக்கம் பழைய ஓட்டு வீடுகளில் பனங்கையை நார் ஓடும் வாக்கிலேயே போட்டிருப்பார்கள். அந்த வாக்கில் விறைப்பு அதிகம், குறுக்கே ரொம்பக் குறைவு. படிகங்களும் இப்படித்தான். செம்பின் ஒற்றைப் படிகத்தைக் கனசதுர விளிம்பின் திசையில் இழுத்தால் யங் குணகம் சுமார் 67 ஜிகாபாஸ்கல், மூலைவிட்டத்தில் 191. பள்ளிக்கூடத்தில் படிச்ச ‘பொருளுக்கு ஒரு யங் குணகம்’ இங்கே செல்லாது.

அப்போ எத்தனை எண் வேணும்? ஜார்ஜ் கிரீன் காலத்திலிருந்து வரும் விடை: சமச்சீர் மிகக் குறைந்த படிகத்துக்கு 21, கனசதுரத்துக்கு 3. 1955 இல் சி. வி. ராமனும் கே. எஸ். விஸ்வநாதனும் அதை மறுத்து 45 என்றார்கள், கனசதுரத்துக்கு 4. நம்ம பக்கம் ராமனைப் பற்றி எழுதுறவங்க 1930 நோபலோடு நிறுத்திடுவாங்க, இதைத் தொடுறதே இல்லை. தொட்டுப் பார்க்கணும்.

கேள்வி நல்ல கேள்விதான். வழக்கமான கோட்பாட்டில் ஒரு துணுக்கின் மேல் உள்ள திருப்பு விசைகள் சமன்படும். அதனால் தகைவு டென்சர் சமச்சீரானது. பொருள் அசையாம இருந்தா சரி, உள்ளே ஒலியலை ஓடும்போது துணுக்கு சுழலத்தானே செய்யும், அப்போ ஏன் சமன்படணும்? இதுதான் ராமனின் வாதம். சமச்சீரை விட்டால் ஒன்பதுக்கு ஒன்பது அணி, அதிலிருந்து 45.

ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. துணுக்கின் பக்கத்தைப் பாதியாக்கினால் தகைவு தரும் திருப்பு விசை எட்டில் ஒரு பங்காகும். நிலைமத் திருப்புத்திறனோ முப்பத்திரண்டில் ஒரு பங்காகும். துணுக்கு சிறுக்கச் சிறுக்க, சமன்படாத மிச்சம் இருந்தால் கோண முடுக்கம் எல்லையில்லாமல் ஏறும். ஆகவே அலை ஓடும்போதும் சமச்சீர் தப்பாது. இதைவிடப் பெரிய ஓட்டை ஒண்ணு: சுழற்சியையும் திரிபோடு சேர்த்தால், ஒரு படிகத்தை மேசைமேல் சும்மா திருப்பி வைப்பதற்கே மீட்சி ஆற்றல் செலவாகணும்!

எனக்கு ரொம்ப உறுத்துவது நாலாவது மாறிலியைக் கணக்கிடும் வழி. கனசதுரப் படிகத்தில் ஒலி வேகங்கள் மூன்று எண்களைத்தான் தரும். நாலாவதைப் பிரிக்கத் தனியாக அளந்த பருமக் குணகம் வேணும். ஒலியலை ஓடுவது வெப்பம் வெளியேற நேரமில்லாத வேகத்தில். அழுத்தி அளப்பது நிதானமாக. திருத்தம் போட்டாலும் இரண்டு அளவீட்டின் பிழையும் அந்த ஒரே எண்ணில் வந்து விழும். பூஜ்யமாக இல்லை என்பதால் மட்டும் அது படிகத்தின் குணம் ஆகிவிடாது. பின்னால் அம்மோனியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் படிகத்தில் செய்த ஒலியலைச் சோதனையும் இந்தக் கோட்பாட்டுக்குத் துணை வரவில்லை.

சமச்சீரற்ற தகைவுக்கு இடமே கிடையாதா? உண்டு. 1909 இல் கோசரா சகோதரர்கள் ஒவ்வொரு புள்ளிக்கும் தனிச் சுழற்சி கொடுத்து ஒரு கோட்பாடு எழுதினார்கள். அதில் ஒரு நீள அளவு வருது. நுரை, எலும்பு மாதிரி உள்ளமைப்பு பெரிசா இருக்கும் பொருள்களில் அது பலிக்கிறது. ராமன் சமன்பாடுகளில் அந்த நீளம் இல்லை. சாதாரண உப்புப் படிகத்தில் அது அணு இடைவெளி அளவில்தான் இருக்கும். மீயொலி அளவீட்டில் அதன் சுவடுகூடத் தெரியாது.