படமும் சாட்சியமும்

கேமரா ஆர்வலர் நால்வர் கூடிய இடத்தில் புதிய படம் ஒன்று மேசைமீது வைக்கப்படுமாயின், முதலில் எழும் வினா பெரும்பாலும் ஒன்றே: எந்த லென்ஸ்? அதனைத் தொடர்ந்து ஷட்டர் வேகமும் ஒளித்துளையின் அளவும் கேட்கப்படும். இவை தவறான வினாக்கள் அல்ல. தச்சர் இருவர் சந்தித்தால் உளியைப் பற்றிப் பேசாமலா இருப்பர்? ஆனால் அப்பறவை எந்த மரத்தில் அமர்ந்திருந்தது, என்ன செய்துகொண்டிருந்தது, படமெடுத்தவர் எவ்வளவு தொலைவில் நின்றார், அவரைக் கண்டபின் அது என்ன செய்தது என்பனவற்றை எவரும் எளிதில் கேட்பதில்லை. கேட்கப்படாத இவ்வினாக்களையே நாம் இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

படங்களைத் தம்முள் பகிர்ந்துகொள்வதற்கெனக் கழகங்கள் அமைத்துக்கொள்ளும் வழக்கம் மிகப் பழையது. 1850களிலேயே மும்பையிலும் கொல்கத்தாவிலும் சென்னையிலும் புகைப்படச் சங்கங்கள் தோன்றிவிட்டன. நாளடைவில் இப்பகிர்வு போட்டியாகவும் மதிப்பெண்ணாகவும் வளர்ந்தது. இன்றைய பன்னாட்டுப் போட்டிகளில் நடுவர் மூவர் ஒரு படத்தைச் சில நொடிகளே காண்கின்றனர். ஏற்கப்பட்ட படங்களின் எண்ணிக்கை பட்டங்களுக்குக் கணக்காகிறது. பல போட்டிகளில் தலைப்புக்கு மேல் ஒரு சொல்லுக்கும் இடமில்லை.

இத்துணை விரைவான தீர்ப்புக்கு அடிப்படையாக உள்ள விதியோ மிக ஆழமானது. பன்னாட்டுப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பு, அமெரிக்கப் புகைப்படக் கழகம், இங்கிலாந்தின் அரச புகைப்படக் கழகம் ஆகிய மூன்றும் 2014-இல் இயற்கைப் படத்துக்கு ஒரு பொது வரையறையை ஒப்புக்கொண்டன. விவரமறிந்த ஒருவர் படத்தில் உள்ளது இன்னதென்று அடையாளம் கண்டு, அது நேர்மையாகக் காட்டப்பட்டிருக்கிறது என்று உறுதி கூற இயல வேண்டும் என்பது அதன் சாரம். அழகினும் அப்படம் சொல்லும் செய்திக்கே மிகுந்த எடை தர வேண்டும் என்றும் அது கூறுகிறது. வளர்ப்பு விலங்குகளுக்கும் தோட்டத்துச் செடிகளுக்கும் அங்கு இடமில்லை. உள்ளதை அழிப்பதும் இல்லாததைச் சேர்ப்பதும் விலக்கு.

விதி நன்று. ஆனால் நேர்மை என்னும் சொல்லை எந்த நடுவர் திரையில் காண முடியும்? படத்தின் மூலக் கோப்பை வாங்கிப் பார்த்தால் புள்ளிகள் மாற்றப்பட்டனவா என்பது தெரியும். அந்த விலங்கு அங்கு எப்படி வந்தது என்பதை அக்கோப்பு சொல்லாது.

இதற்கு இரண்டு சான்றுகள் உண்டு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் புகழ்பெற்ற போட்டியில் 2009-ஆம் ஆண்டின் தலைசிறந்த படமாகத் தேர்ந்தது, இரவில் ஓர் ஓநாய் மரக் கதவைத் தாண்டிப் பாயும் காட்சி. 2010 சனவரியில் அப்பரிசு திரும்பப் பெறப்பட்டது. அது காட்டு ஓநாய் அன்று, பழக்கப்பட்டதாகவே இருத்தல் வேண்டும் என்று நடுவர் முடிவு செய்தனர். படமெடுத்தவர் அதனை மறுத்தார். மற்றொன்று, அதே போட்டியில் 2017-இல் பரிசு பெற்ற பிரேசில் நாட்டுப் படம். ஒளிரும் புழுக்கள் நிறைந்த கறையான் புற்றை எறும்புண்ணி ஒன்று நெருங்குகிறது. அவ்வெறும்புண்ணி தேசியப் பூங்காவின் வாயிலில் வைக்கப்பட்டிருந்த பாடம் செய்த உடலே என்று வல்லுநர்கள் கண்டதாக 2018-இல் அறிவிக்கப்பட்டு, அப்படமும் நீக்கப்பட்டது. இவரும் மறுத்தார்.

இவற்றுள் முதல் நிகழ்ச்சி தனியே சிந்திக்கத் தக்கது. ஐயத்தை எழுப்பியவர்கள் ஸ்பெயின் நாட்டின் சக புகைப்படக்காரர்கள். மாட்ரிட் அருகே உள்ள விலங்குப் பூங்கா ஒன்றின் ஓநாயை அவர்கள் முகம் கண்டு அறிந்தனர். நடுவரின் கண்ணுக்குத் தப்பியது தோழரின் கண்ணுக்குத் தப்பவில்லை. அவர்களைப் பொறாமைக்காரர் எனச் சொல்வது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. ஓநாயை ஓநாயாக அறிந்தவர்கள் அவர்கள். கேட்க வேண்டிய வினாவைக் கேட்டார்கள், அவ்வளவே.

பயணப் படங்களிலும் நிலைமை இதுவே. அமெரிக்கப் புகைப்படக் கழகத்தின் வரையறை, படமெடுப்பதற்கென்றே ஏற்பாடு செய்யப்பட்ட நிகழ்ச்சிகளும் கூலிக்கு நிறுத்தப்பட்ட மனிதர்களும் பயணப் படத்துக்கு உரியவை அல்ல என்கிறது. சீனத்தின் குவாங்சி மாநிலத்தில், லி ஆற்றின் மூங்கில் தெப்பத்தில், விளக்கும் நீர்க்காகமுமாக நிற்கும் வெண்தாடி முதியவரை எத்தனை படங்களில் கண்டுவிட்டோம்! நீர்க்காகத்தைக் கொண்டு மீன் பிடிக்கும் அத்தொழில் அங்கு வாழ்வாதாரமாக இருந்த காலம் பெரும்பாலும் போய்விட்டது. இன்று அம்முதியோர் பணம் பெற்றுக்கொண்டு படத்துக்காகவே வலை வீசுகின்றனர். அதில் அவர்கள்மீது குற்றமில்லை. தம் உழைப்புக்குக் கூலி பெறுகின்றனர். அப்படத்தை "விடியற்கால மீன்பிடிப்பு" என்று பெயரிட்டு நண்பர்முன் வைப்பவரே பதில் சொல்ல வேண்டியவர். "கூலி தந்து எடுத்தது" என்று அவர் கூறிவிட்டால் படத்தின் ஒளியழகு சிறிதும் குறையாது. மறைந்துவரும் ஒரு தொழில் எந்த வடிவில் எஞ்சியிருக்கிறது என்னும் உண்மைச் செய்தியும் அதனோடு சேரும்.

கூடுகளைப் பற்றியும் ஒரு சொல். எரிக் ஹாஸ்கிங் என்னும் ஆங்கிலேயர் 1937-இல் வேல்ஸ் நாட்டில் ஆந்தையின் கூட்டருகே சென்றபோது, அது தாக்கியதில் இடக்கண்ணை இழந்தார். பின்னரும் பல பதிற்றாண்டுகள் பறவைகளையே படமெடுத்தார். அக்காலத்தில் கூடு தேவையாக இருந்தது. படச்சுருளின் வேகம் குறைவு, லென்ஸின் எட்டும் குறைவு, பறவை தவறாமல் திரும்பிவரும் இடம் அது ஒன்றே. இன்று அத்தேவை ஒழிந்தது. ஆயினும் இலைகளை விலக்கிக் குஞ்சுகளை வெயிலுக்கும் காகத்துக்கும் காட்டிக்கொடுத்து எடுக்கும் படங்கள் நின்றபாடில்லை. அவற்றுக்குக் கைதட்டும் கூட்டமும் குறையவில்லை.

இவற்றுக்கு மாறான ஒரு வழியை நம் நாட்டிலேயே ஒருவர் காட்டிச் சென்றார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு-வெள்ளையிலேயே படமெடுத்தார். பல கருவிகளின் உறுப்புகளைத் தாமே இணைத்து அமைத்த பெரிய கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்தார். 1950 முதல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கைக் குறிப்புகள் எழுதினார். தென்னிந்தியாவின் பெரும் பாலூட்டிகளைப் பற்றிய அவருடைய ஆய்வு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் 1970களில் தொடராக வந்தது. 2006-இல் அவருடைய படங்களும் எழுத்தும் ஒரு பெருநூலாயின. பெங்களூரில் வாழ்ந்த மூத்த இயற்கைப் படக் கலைஞர் டி.என்.ஏ. பெருமாள் அப்பணியில் துணைநின்றார். ஒரு புகைப்படக்காரர் மற்றொருவருக்குச் செய்யத்தக்க உதவி இதனினும் பெரிதாக என்ன இருக்கக்கூடும்?

கிருஷ்ணனின் படங்களில் சில இன்றைய மதிப்பெண் முறையில் தோற்றுப்போகும் என்றே நாம் எண்ணுகிறோம். யானையின் முகத்துக்குக் குறுக்கே கிளை நிற்கும். பின்புலம் மங்கி ஒதுங்காமல் மூங்கிலும் புதருமாக விலங்கோடு கலந்து நிற்கும். ஆனால் அந்தக் காடுதான் அந்த யானை. கண்ணும் அலகும் மட்டும் கூர்மையாய்த் தெரிய, மற்றனைத்தும் பச்சைப் புகையாய்க் கரைந்த இக்காலப் படங்களில் பறவை எந்த நாட்டில் இருக்கிறது என்பதே தெரிவதில்லை. அதனினும் முக்கியம், அவர் படத்தோடு சொல்லையும் தந்தார் என்பது. விலங்கு என்ன செய்தது, தாம் அறிந்தது எதுவரை, ஊகித்தது எது என்பதை அவர் எழுத்தில் காணலாம்.

நம் ஊர்களிலும் கேமரா ஆர்வலர் மாதந்தோறும் கூடுகின்றனர். அவர்களிடம் ஒன்று கேட்கிறோம். ஒவ்வொரு படத்தின் கீழும் லென்ஸின் அளவோடு இன்னும் மூன்று வரிகள் இருக்கட்டும்: எங்கே, எவ்வளவு தொலைவில், இரை வைத்தோ கூலி தந்தோ எடுத்ததா என. அரிய பறவை முட்டையிட்டிருக்கும் இடமாயின், ஊரின் பெயருக்கு எதிரே வெறும் கோடு இட்டால் போதும். காரணம் கூட்டத்தில் உள்ளவர்களுக்குத் தெரியும்.