மூலை அறையும் தனிசாகியின் கழிவறையும்

அம்மா பிறந்த வீட்டின் கொல்லைத் தாழ்வாரத்தில் ஓர் அறை இருக்கிறது. ஆறடிக்கு ஐந்தடி. நிமிர்ந்து நின்றால் ஓட்டுச்சட்டம் தலையில் இடிக்கும். ஜன்னல் கிடையாது. சுவரில் கையளவுக்கு ஒரு காற்றுத்துளை, அவ்வளவுதான். வீட்டுக்குள்ளிருந்து அதற்கு வழியில்லை. கதவு கொல்லைப் பக்கம் மட்டும்.

மாமா போனபிறகு வீடு அம்மா பேருக்கு வந்தது. மராமத்து பார்க்கலாம் என்று தெரிந்தவர் மூலமாக ஓர் இன்டீரியர் டிசைனரைக் கூட்டிக்கொண்டு போனோம். நல்ல பையன். வீடு முழுக்கப் படம் எடுத்துக்கொண்டே வந்தவன், அந்த அறைக்குள் குனிந்து எட்டிப் பார்த்தான். ‘ஆன்ட்டி, செம ஸ்பேஸ் இது. கீழ ஒரு மெத்தை, நாலு குஷன், ஒரு மஞ்ச லைட். சூப்பரான ரீடிங் கார்னர் ஆயிடும்.’

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், ‘மாசம் மூணு நாள் நான் அதுலதான் தம்பி படிச்சிட்டு இருப்பேன். ராணி, குமுதம் எல்லாம் அதுலதான்’ என்றாள். பையனுக்குப் புரியவில்லை. எனக்கே புரிய இரண்டு வினாடி ஆனது. வீட்டுக்கு விலக்கானவர்கள் உட்காரும் அறை அது.

பழைய வீட்டை அலங்கரிப்பது பற்றி இன்றைக்கு எழுதப்படுகிற எல்லாவற்றுக்கும் ஒரே மந்திரம்தான்: இடிக்கிற இடத்தையே அழகாக்கு. தலை இடிக்கும் நிலையா, அதற்குப் பூக்கோலம் போடு. மாடக்குழியா, பித்தளைக் குதிரை வை. உரலா, மணி பிளான்ட் நடு. இதில் எனக்குக் கோபமொன்றும் இல்லை, பல சமயம் பார்க்க நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்த இடம் ஏன் இடிக்கிறது, யாரை இடித்தது என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்காமல் செய்த அலங்காரம் எனக்கு மொழிபெயர்ப்பாளர் புரியாமல் தாண்டிப்போன வாக்கியம் மாதிரி படுகிறது.

இந்தக் கேள்வியோடு ஜூனிசிரோ தனிசாகியைத் திரும்பப் படித்தேன். 1933-இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய நீண்ட கட்டுரையை, ஆங்கிலத்தில் ‘இன் ப்ரெய்ஸ் ஆஃப் ஷேடோஸ்’ என்று வந்ததை, நிழலின் அழகியல் என்று எல்லோரும் கொண்டாடுகிறோம். ஆனால் அது அழகியலில் தொடங்கவே இல்லை. வயரில் தொடங்குகிறது. பழைய ஜப்பானியப் பாணியில் வீடு கட்ட ஆசைப்படுகிறவன் மின்கம்பியை எங்கே ஒளிப்பான், எரிவாயுக் குழாயை எங்கே கொண்டுபோவான், டெலிபோனை எங்கே வைப்பான் என்ற புலம்பலில். கதவுக்குக் காகிதமா கண்ணாடியா என்று குழம்பி, உள்பக்கம் காகிதமும் வெளிப்பக்கம் கண்ணாடியுமாகப் போட்டு, செலவு இரட்டிப்பானதுதான் மிச்சம் என்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் கண்ணாடிக் கதவு, உள்ளேயிருந்து பார்த்தால் காகிதத்தின் அந்த மென்மை இல்லை. சொந்த வீட்டை மராமத்து பார்த்த யாரும் இந்தப் பக்கங்களைச் சிரிக்காமல் படிக்க முடியாது.

அதே பக்கங்களில் அவர் ஒரு நல்ல விஷயம் சொல்கிறார். வயரை மறைக்க அதிகமாக மெனக்கெடுவது மறைக்காமல் விடுவதைவிட அதிகமாகக் கண்ணை உறுத்தும். சாதாரண பல்பு சாதாரணமாகத் தொங்கினால் அதுவே இயல்பு. எங்கள் வீட்டில் இதை அப்படியே செய்தோம். சுண்ணாம்புச் சுவரைக் காடி வெட்டி வயரைப் புதைக்க எலக்ட்ரீஷியன் தயாராக இருந்தார். வேண்டாம் என்று சொல்லி, உத்தரத்தை ஒட்டிச் சுவருக்கு மேலேயே பைப் ஓட்டினோம். தெரிகிறது. தெரியட்டும். எண்பது வருஷத்துச் சுவரில் நேற்று வந்த மின்சாரம் நேற்று வந்ததாகவே தெரிவதில் என்ன தப்பு?

சுவரைப் பற்றி இன்னொரு வார்த்தை. தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு உவர் ஏறிப் பொரிந்திருந்தது. மாமா இருந்தபோது அதன்மேல் சிமென்ட் பூசி, அதுக்கு மேலே பளபளவென்று டைல்ஸ் ஒட்டியிருந்தார். ஈரம் வெளியேற வழியில்லாமல் டைல்ஸைத் தாண்டி நாலரை அடிக்கு ஏறிவிட்டது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தைக் குடிக்கும், காற்றில் உலர்த்திவிடும். சிமென்ட் அதன் வாயை அடைத்துவிடுகிறது. டைல்ஸைப் பெயர்த்து, சிமென்ட்டைக் கொத்தி எடுத்து, திரும்பச் சுண்ணாம்புக் காரையே பூசினோம். சுண்ணாம்பு பூசத் தெரிந்த கொத்தனாரைத் தேடவே ஒரு மாதம். இதெல்லாம் படம் எடுத்துப் போட லாயக்கில்லாத வேலை.

முற்றத்துக்கு வருகிறேன், அதில்தான் எனக்கும் அம்மாவுக்கும் சண்டை. எங்கள் தெருவில் பாலிகார்பனேட் ஷீட் போடாத முற்றம் எங்களுடையது ஒன்றுதான். ‘குரங்கு வருது, திருடன் வருவான், மழை பேஞ்சா வழுக்குது. உனக்கென்ன, ரெண்டு நாள் வந்து மழையப் பாத்துட்டுப் போயிடுவ’ என்றாள் அம்மா. நியாயம்தான். ஆனால் அந்த வீட்டின் சூடு முழுவதும் மேலே ஏறி வெளியே போகிற வழி முற்றம். அதை மூடிய வீடுகளில் சித்திரை மாதம் போய் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கூடத்தில் இரண்டு ஃபேன் ஓடினாலும் புழுக்கம். கடைசியில் மேலே கம்பி வலை, கீழே வழவழப்பான சிமென்ட்டைப் பெயர்த்துவிட்டுச் சொரசொரப்பான கல். மழை விழுகிறது. குரங்கு வலைக்கு மேலே உட்கார்ந்து எங்களைப் பார்க்கிறது. இதைச் சமரசம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

நிலை தாழ்வாக இருப்பது பணிவு கற்றுக்கொடுக்கத்தான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருடக்கணக்கில் சுற்றுகிறது. எனக்கு நம்பிக்கையில்லை. எங்கள் தெருவில் ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, இப்போது வாசல்படியே ரோட்டுக்குக் கீழே போய்விட்டது. பணிவு அப்படியும் வரும்.

இன்னொரு கட்டடக்காரரையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். கொழும்பில் 33-ஆம் சந்தில் ஜெஃப்ரி பாவா 1958-இல், வரிசையாக இருந்த நான்கு சின்ன வீடுகளில் ஒன்றில் குடியேறினார். அடுத்த பத்து வருடங்களில் மற்ற மூன்றும் அதோடு சேர்ந்தன. நான்கு வீட்டை ஒரு வீடாக்கினால் என்ன ஆகும்? நடுவில் வெளிச்சமில்லாத பொந்துகள் மிஞ்சும். அவர் அங்கே விளக்கு மாட்டவில்லை. கூரையைத் திறந்துவிட்டார். நீண்ட நடையில் இருட்டும் வெளிச்சமும் மாறி மாறி வருவது இப்படி. செட்டிநாட்டுத் தூண்கள்கூட அங்கே போயிருக்கின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில், பிரித்த வீடுகளின் தூணையும் நிலையையும் வாங்கிப்போய் கஃபே வாசலில் நிறுத்துகிறவர்களும் அதைத்தான் செய்கிறோம் என்பார்கள். வித்தியாசம் இருக்கிறது. பாவாவின் வீட்டில் தீர்க்கவேண்டிய ஒரு சிக்கல் ஏற்கெனவே இருந்தது, தூண் அதற்குள் வந்தது. கஃபேயில் தூண்தான் இருக்கிறது, அது தாங்க ஒன்றும் இல்லை.

ஆனால் பாவா தனி ஆள், தனக்காகக் கட்டிக்கொண்டார். தனிசாகியும் அப்படித்தான் எழுதுகிறார். அவருடைய கட்டுரையில் எல்லோருக்கும் பிடித்த பகுதி கழிவறை பற்றியது. வீட்டிலிருந்து தள்ளி, நடைவழியின் முடிவில், இலை வாசமும் பாசி வாசமும் வர, மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து மழைச் சத்தம் கேட்பது. முதல் தடவை படித்தபோது நானும் மயங்கினேன், கல்லூரி நோட்டில் பாதியை எழுதிக்கூட வைத்தேன். ராத்திரியில் அவ்வளவு தூரம் போவது சிரமம், குளிர்காலத்தில் சளி பிடிக்கும் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டு தாண்டிப் போய்விடுகிறார்.

எங்கள் வீட்டிலும் கழிவறை தள்ளித்தான் இருந்தது. கொல்லைக் கோடியில், கிணறு தாண்டி, முருங்கை மரத்தடியில். இலை வாசம், பாசி வாசம், மழைச் சத்தம் எல்லாம் உண்டு. 2009 ஐப்பசியில் ஒரு ராத்திரி அம்மாச்சி டார்ச்சோடு போய் அந்தப் பாசியில்தான் விழுந்தாள். இடுப்பெலும்பு. அதற்கப்புறம் அவள் எழுந்து நடக்கவேயில்லை. தனிசாகி தாண்டிப்போன அந்த ஒரு வரியில் அம்மாச்சி இருக்கிறாள் என்பதுதான் இரண்டாம் வாசிப்பில் எனக்குக் கிடைத்தது. அந்த வீட்டில் கரி படிந்த அடுக்களைச் சுவரை யார் துடைத்தது, அந்த இருட்டில் கண்ணைச் சுருக்கி அரிசியில் கல் பொறுக்கியது யார் என்று அவர் கேட்கவில்லை. நம்மூரில் திண்ணையைப் பற்றி உருகி எழுதுகிறவர்களும் கேட்பதில்லை. தாத்தா காலத்தில் அறுவடைக் கூலி வாங்க வந்தவர்கள் தெருவில் நின்றுதான் வாங்கினார்கள். திண்ணை அவர்களுக்கு உட்காருகிற இடம் அல்ல.

தனிசாகியைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று அர்த்தமில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பின் பின்னுரையில் அவர் மனைவி சொன்னதாக ஒரு சம்பவம் வரும். புது வீடு கட்டத் திட்டமிட்டபோது கட்டடக் கலைஞர் வந்து, ‘உங்கள் நிழல் கட்டுரையைப் படித்திருக்கிறேன், உங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரியும்’ என்றாராம். அந்த மாதிரி வீட்டில் தன்னால் குடியிருக்க முடியாது என்பது தனிசாகியின் பதில். இதை வைத்து அவரைப் போலி என்று சொல்வது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிழலை எழுதத் தெரிந்தவருக்கு அதில் எத்தனை மணி நேரம் உட்காரலாம் என்றும் தெரிந்திருக்கிறது. அவரைப் படித்துவிட்டு நிழல் விற்கிறவர்களுக்குத்தான் அது தெரியவில்லை.

மூலை அறைக்குத் திரும்புகிறேன். டிசைனர் பையனுக்கு விஷயம் புரிந்ததும் பதறிவிட்டான். ‘சாரி ஆன்ட்டி, அப்ப இடிச்சிடலாம்’ என்றான். நானும் இடிக்கத்தான் சொன்னேன். அம்மா கேட்கவில்லை. ‘ஏன் இடிக்கணும்? சுவரு நல்லா கனமா இருக்கு. எனக்கு முட்டி வலி, உள்ளேயே ஒரு பாத்ரூம் வேணும்னு எத்தன வருஷமா சொல்றேன்? இதுல போடு.’

போட்டோம். கொல்லைப் பக்கக் கதவைச் செங்கல் வைத்து அடைத்தார் கொத்தனார். கூடத்துப் பக்கம் புதிதாக வழி வெட்டினோம், படியில்லாமல் தரை மட்டத்துக்கு. கூரையை இரண்டடி உயர்த்தி, காற்றுத்துளை இருந்த இடத்தில் இரண்டுக்கு மூன்றில் ஜன்னல். வெஸ்டர்ன் கோப்பை, பக்கத்தில் பிடித்துக்கொள்ள எஸ்.எஸ். கம்பி. டைல்ஸ் கடையில் நான் சாம்பல், பச்சை, கருங்கல் மாதிரி என்று காட்டிக்கொண்டே வந்தேன். அம்மா தேர்ந்தெடுத்தது பளீர் வெள்ளை, தனிசாகி கழிவறையில் சகிக்கவே மாட்டேன் என்ற அதே வெள்ளை. ‘அழுக்கு நல்லா தெரியும்மா’ என்றேன். ‘தெரியட்டும்’ என்றாள். ராத்திரி முழுக்க அங்கே லைட் எரிகிறது.